வெயில் காலத்தில் ஒரு வெள்ளக் குரூப்

2025 மார்ச்சில் எங்கள் குரூப்பில் வந்த கடைசி மூன்று செய்திகள் இவை: ஒரு பிறந்தநாள் வாழ்த்து, விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு மரண அறிவித்தல். குரூப்பின் பெயர் ‘அனர்த்த ஆயத்தம்’. அட்மின் நான்தான்.

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு ஆரையம்பதியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். 2024 நவம்பர் கடைசியில் அடைமழை பிடித்தபோது, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பாதைகளில் எது திறந்திருக்கிறது, எது தண்ணீருக்குள் கிடக்கிறது என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டபடி இருந்தார்கள். அதற்காகத்தான் வட்ஸ்அப்பில் 19 பேரோடு தொடங்கினேன். கிரான் பக்கம் வள்ளம்தான் ஓடுகிறது, வெல்லாவெளிப் பாதையில் உழவு இயந்திரம் மட்டும் போகலாம் என்று ஆளாளுக்குச் சொல்ல, ஒரு கிழமைக்குள் 240 பேர் சேர்ந்துவிட்டார்கள். காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்கள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப்போன செய்தி வந்த இரவு, குரூப்பில் யாரும் தூங்கவில்லை. மழை விட்டாலும் கலையக் கூடாது, அடுத்த மாரிக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் பேசிக்கொண்டோம். பெயரையும் மாற்றினோம்.

மழை விட்டது. யாரும் கலையவில்லை, பேசவும் இல்லை.

அட்மின் என்றால் எதையாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவசரப் பையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று ஒரு நீளமான பட்டியல் போட்டேன். ஆறு பேர் பெருவிரலைக் காட்டினார்கள். ரீலோட் பரிசோடு ஒரு வினாவிடை நடத்தினேன். முதல் கிழமை 40 பேர், மூன்றாம் கிழமை ஒரே ஒரு பொடியன், அவனும் என் அக்காவின் மகன். பயம் காட்டினால் விழிப்பார்கள் என்று 2004 சுனாமி வீடியோ ஒன்றைப் போட்டேன். அன்று 11 பேர் விலகினார்கள். அதில் ஒருவர் நாவலடியில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேத்தண்ணி தந்தார், குரூப்புக்குத் திரும்பி வரவில்லை.

உள்ளுக்குள் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. எட்டுப் பேர் மட்டும் இராப்பகலாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஆயத்தம் என்றால் எங்களுக்குச் சாமான்கள்: சோலார் பேனல், தலையில் மாட்டும் ரோச், தண்ணீர் சுத்திகரிக்கும் குளிசை, வோக்கி டோக்கி. லைசன்ஸ் இல்லாமல் வோக்கி டோக்கி பாவிக்கலாமா என்று மூன்று நாள் வாதம். மற்ற இருநூறு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு, இது காசுக்காரர் விளையாட்டு என்று ஒதுங்கிவிட்டார்கள். நானும் அந்த எட்டில் ஒருவன்தான், குறை சொல்ல வாயில்லை.

ஒரே ஒரு பதிவுக்கு மட்டும் எதிர்பாராமல் பதில்கள் குவிந்தன. 20,000 எம்.ஏ.எச். பவர்பேங்க், 5,000 எம்.ஏ.எச். போனை நாலு தரம் நிரப்பாது என்று எழுதியிருந்தேன். பெட்டியில் போட்டிருக்கும் எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பெற்றறியின் கணக்கு. அது 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது நட்டம், வயரில் நட்டம், சூட்டில் நட்டம். இரண்டரைத் தரம் கிடைத்தால் புண்ணியம். இதை வாசித்தவர்கள் தங்கள் தங்கள் பவர்பேங்கை எடுத்து எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். “எனக்கு ஒண்டரைதான் வந்திச்சு, ஏமாத்திப்போட்டான்” என்று கல்லாற்றிலிருந்து ஒருவர். காத்தான்குடியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) தன் கடையில் விற்பதையே சோதித்து, ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அந்தக் கிழமை குரூப் உயிரோடு இருந்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஆவணியில் ஒரு பின்னேரம் கடையை மூடப்போகிற நேரம், ஒரு ஆடியோ வந்தது. யாருடைய குரல் என்று தெரியாது. கடற்கரைப் பக்கம் கிணறுகள் உள்வாங்குகின்றன, சுனாமி வருகிறது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பத்து நிமிடத்தில் 60 தரம் அதே ஆடியோ. வெளியே எட்டிப் பார்த்தால் பிரதான வீதியில் மோட்டார் சைக்கிள்கள், ஒன்றில் நாலு பேர், முன்னால் ஒரு மின்விசிறி. மின்விசிறியை ஏன் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது இன்றைக்கும் விளங்கவில்லை.

ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க எங்கள் ஊரில் யாருக்கும் தகுதி கிடையாது. 2012 ஏப்ரல் 11 பின்னேரம் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கி, உண்மையான எச்சரிக்கையே வந்தது. எல்லாரும்தான் ஓடினோம், அழிக்கிற அலை வரவில்லை. 2004 இல் எச்சரிக்கையே வரவில்லை. காலை 6.58க்கு அங்கே நிலம் நடுங்க, அலை எங்கள் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் யாராவது சொல்லியிருக்கலாமே என்ற ஆற்றாமை இங்கே ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. ஆகையால் சொன்னவனை நம்பி ஓடுவார்கள்.

117க்கு அடித்தேன். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் அது. இரண்டாம் தரம் கிடைத்தது. நிலநடுக்கமும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை என்றார்கள். அதை அப்படியே குரூப்பில் போட்டேன். உடனே ஒரு கேள்வி: “அப்ப கிணறு ஏன் இறங்கின?”

என்னிடம் பதில் இல்லை. பக்கத்து வளவு மாமி படலையில் நின்றுகொண்டு கேட்டார்: “என்ன மகன், ஓடவா, இருக்கவா?”

“இருங்க மாமி. உங்கட கிணறு இறங்கியிருக்கா?”

“இறங்கித்தான் கிடக்கு.”

“நேத்து எவ்வளவு கிடந்த?”

மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “நேத்து எவ்வளவு கிடந்ததெண்டு ஆருக்குத் தெரியும்? கிணத்த ஆரு அளக்கிற?”

அன்றிரவு நித்திரை வரவில்லை. 229 பேர் இருக்கிற குரூப். ஏறக்குறைய எல்லா வளவிலும் கிணறு. ஆவணி என்றால் தண்ணீர் கீழேதான் கிடக்கும், எங்களுக்கு மழை ஒக்டோபருக்குப் பிறகுதானே. ஆனாலும் போன கிழமை தன் கிணற்றில் தண்ணீர் எங்கே நின்றது என்று சொல்ல அத்தனை பேரில் ஒருவர் இல்லை. சோலார் பேனல் வைத்திருக்கிற நானும் இல்லை.

அடுத்த போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, செப்டெம்பர் 7. எல்லாரும் வீட்டில் நிற்கும் நாள் என்பதால் அதைத் தேர்ந்தேன். மாமி சொன்னது வேறு: “சுனாமி வந்ததும் போயாவிலதான், மறக்காம இருக்கும்.” 2004 டிசம்பர் 26 போயா நாள்தான். எனக்கு அது ஞாபகத்தில் இல்லை.

முறை லேசானது. ஒரு நைலோன் கயிறு, நுனியில் ஒரு பெரிய இரும்பு நட். காலையில் மோட்டர் போடுவதற்கு முன்னால் கிணற்றுக்கட்டின் விளிம்பிலிருந்து இறக்க வேண்டும். நட் தண்ணீரைத் தொடும்போது ‘ளொக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்த இடத்தில் விளிம்போடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே இழுத்து, நிலத்தில் நீட்டி அளக்க வேண்டும். சென்டிமீற்றர் எத்தனை, எந்தத் தெரு, எத்தனை மணி. இவ்வளவுதான் குரூப்பில் போடலாம், படம் வேண்டாம். காக்கா தன் கடையிலிருந்து கயிறும் நட்டும் 50 பேருக்கு இலவசமாகத் தந்தார். துருப்பிடித்த நட்கள், எப்படியும் விற்காது என்று அவரே சிரித்தார்.

முதல் போயாவில் 31 பேர் போட்டார்கள். பாதி குப்பை. சிலர் கட்டிலிருந்து தண்ணீர் வரை அளந்திருந்தார்கள், சிலர் கிணற்றுக்குள் நிற்கும் தண்ணீரின் ஆழத்தை. ஒருவர் 60, அடுத்த வீட்டுக்காரர் 240. “உங்கட கிணத்துல மட்டும் சுனாமியா?” என்று பகிடி. எண் கூடினால் தண்ணீர் குறைகிறது என்பதும் பலருக்குத் தலைகீழாகப் பட்டது. ஒக்டோபர் 6 போயாவுக்கு முன்னால் ‘நனையாத கயிறு எவ்வளவு?’ என்று கேள்வியை மாற்றினேன். சரி, பிடித்துக்கொண்டார்கள். அன்று 74 பேர்.

அதற்குப் பிறகு என் வேலை குறைந்தது. அளக்கிறது முழுக்கப் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டது. களுதாவளையில் மரக்கறித் தோட்டம் செய்கிற அண்ணன் ஒருவர், அதுவரை குரூப்பில் ஒரு சொல் எழுதாதவர், போயாவுக்குப் போயா என்று காத்திராமல் நாள்தோறும் போட்டார். எந்த நாளில் எவ்வளவு நேரம் இறைத்தால் கிணறு எவ்வளவில் மீள்கிறது என்பது அவருக்குத் தொழில் கணக்கு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சுனாமிக்குப் பிந்திய கதையைச் சொன்னார். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணலுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாய்த்தான் மிதக்கிறது. அலை வந்து உப்பாகிய கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று இறைத்துத் தள்ள, பல இடங்களில் கீழே கிடந்த உப்பு மேலே ஏறிவிட்டது. மழைதான் மெல்ல மெல்லக் கழுவியது. “விட்டிருந்தா தன்பாட்டுல மாறியிருக்கும், நாங்கதான் அவசரப்பட்ட” என்று எழுதினார். அதன் கீழ் விடிய விடியப் பதில்கள்.

ஒக்டோபரில் மழைப்போத்தல் தொடங்கினோம். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் தோளை வெட்டி, தலைகீழாகப் புனலாக வைக்க வேண்டும். அடி மேடும் பள்ளமுமாக இருக்கும், ஆகவே கூழாங்கல் போட்டு நேர்ச்சுவர் தொடங்கும் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி அதைப் பூச்சியமாகக் குறிக்க வேண்டும். காலை 8.30க்கு அடிமட்டத்தால் அளக்கலாம். வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. ‘100 மில்லிமீற்றரிலும் கூடிய பலத்த மழை’ என்று செய்தியில் வருவதை எத்தனை வருடமாகக் கேட்கிறோம், அது எவ்வளவு தண்ணீர் என்று போத்தலில் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர். 100 சதுர மீற்றர் கூரை உள்ள வீட்டில் அந்த மழை 10,000 லீற்றர் ஊற்றும். அது எந்த வடிகானுக்குள் போகிறது, அந்தக் கான் துப்புரவாக இருக்கிறதா என்ற பேச்சு அதற்குப் பின்னால் தானாக வந்தது.

பார்வேர்ட் செய்திகளுக்கு ஒரே விதி வைத்தோம்: யார் பார்த்தது, எங்கே, எத்தனை மணிக்கு. இந்த மூன்றும் இல்லாவிட்டால் போடக் கூடாது. விதியை முதலில் மீறியவன் நான். நவம்பரில் ஒரு வெள்ளப் படத்தை அவசரத்தில் போட்டுவிட்டேன். அது 2011 தை வெள்ளத்தின் படம், பின்னால் தெரிகிற கடைக்கு இப்போது வேறு பெயர் என்று ஒரு தங்கச்சி கண்டுபிடித்துவிட்டார். ஒரு கிழமை தலை நிமிரவில்லை.

நவம்பர் 5 போயா, அதுவே உலக சுனாமி விழிப்புணர்வு தினமாகவும் வந்தது. அன்று 118 கிணறுகள். அளந்து முடிந்ததும், யார் வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், யாரிடம் பெற்றறி ரேடியோ இருக்கிறது, யாரிடம் வள்ளம் என்று கடதாசியில் எழுதினோம். கிணறு அளக்கிற சாட்டில் ஆளாளின் வளவு தெரிந்திருந்ததால் ஒரே நாளில் முடிந்தது. கிராம உத்தியோகத்தருக்கு ஒரு பிரதி கொடுத்தோம். மற்றதை என் கடைச் சுவரில் ஒட்டினேன்.

மாதக் கடைசியில் டித்வா புயல் வந்தது. எங்கள் பக்கம் கரண்ட் போய், கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போய்விட்டது. குரூப்பை ஒரு வருடம் பாடுபட்டுக் காப்பாற்றியவன், தேவைப்பட்ட இரவில் அது இல்லாமல் நின்றேன். கடைச் சுவரில் பட்டியல், கடைக்குப் பூட்டு, திறப்பு என்னிடம், நான் மாமியார் வீட்டில், நடுவில் தண்ணீர். நல்ல காலம், கிராம உத்தியோகத்தரிடம் இருந்த பிரதியை வைத்து நாலு பொடியன்கள் ஓடித்திரிந்தார்கள். பக்கத்து வளவு மாமியை இருவர் கதிரையோடு தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பட்டியலில் மாமி பெயரை எழுதியபோது “எனக்கென்ன, நான் நடப்பன்” என்று சண்டை பிடித்தவர்.

இப்போது பட்டியல் ஐந்து இடத்தில் ஒட்டியிருக்கிறது, ஒன்று காக்கா கடையில். சிக்னல் போனால் எங்கே கூடுவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். சாமான் பைத்தியங்கள் எட்டுப் பேரையும் தனியாக ஒரு சின்னக் குரூப்புக்கு மாற்றிவிட்டேன், அங்கே நாங்கள் சந்தோஷமாகச் சண்டை பிடிக்கிறோம்.

திரும்பவும் வெயில். பெரிய குரூப்பில் கிழமைக்கணக்காக ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கும். முன்னைப் போல எனக்குப் பதற்றம் வருவதில்லை. போன போயா காலை 6 மணிக்கே எண்கள் விழத் தொடங்கின. நான் பிந்தி எழும்பிப் போனைப் பார்த்தால், மாமியின் குரல் பதிவு. டிசம்பரில் 38 நின்ற கிணறு. பேரப்பிள்ளை பதியப் பழக்கிவிட்டிருக்கிறான்.

“மகன், இண்டைக்கு நூத்தி எழுபத்தாறு. ஆறரை மணி. மறுகா, உன்ட கிணத்த இன்னும் காணல்லையே?”