பையில் என்ன இருந்தது

மே 3, 2025, சனி

மஞ்சள் காமாலை. இரத்தத்தில் பிலிரூபின் 8.6. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன்.

மே 4, ஞாயிறு

அக்காவும் அவள் மகனும் விருதுநகரிலிருந்து வந்து இறங்கினார்கள். சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் தம் மலைக்குத் திரும்பும் வரை இங்கேதானாம். என் அறைக்குள் நுழையக் கூடாது, என் தம்ளரைத் தொடக் கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று அம்மா தெருவாசலிலேயே அவனுக்குச் சட்டம் வாசித்துவிட்டாள். பயல் என் அறை நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு அக்காவின் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று அதைப் பாயில் எறிந்தான்.

"சித்தி, இந்த விளையாட்டில் ஏமாற்றுகிறார்கள்."

எட்டிப் பார்த்தேன். ஷாட்டர்டு பிக்ஸல் டன்ஜன். நிலவறைக்குள் தளம் தளமாக இறங்கும் விளையாட்டு, செத்தால் முதலிலிருந்து. மூன்றாம் தளம். நண்டு.

யாரும் ஏமாற்றவில்லை. அந்த நண்டு உன்னைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் நடக்கும். அதனிடமிருந்து ஓடுகிறவன் முதுகில் அடி வாங்கிக்கொண்டே ஓடுவான். ஓடாதே, நின்று அடி. அதுவும் முழு உயிரோடு இருக்கும்போது. அரை உயிரோடு மூன்றாம் தளத்துக்கு இறங்கியவன் நீ.

"அரை உயிர் போதும் என்று நினைத்தேன்" என்றான்.

இறங்குவதற்கு முன்னால் உட்கார்ந்து இளைப்பாறு என்று சொன்னேன். சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் தூங்கிப்போனேன். இந்த நோயில் பேசுவதே வேலையாக இருக்கிறது.

மே 5, திங்கள்

இன்று முழுவதும் இதே யோசனை, ஆகவே எழுதிவிடுகிறேன்.

அவன் சாகும்போதெல்லாம் நான் ஒரே கேள்வியைக் கேட்கிறேன். பையில் என்ன இருந்தது? ஆட்டம் முடிந்ததும் பட்டியலில் அந்த வீரனைத் தொட்டால் அவன் வைத்திருந்த பொருள்கள் அத்தனையும் தெரியும். இன்று காலை செத்தவனின் பையில் குடிக்காத மருந்துக் குப்பிகள் நான்கு, படிக்காத மந்திரச் சுருள்கள் மூன்று, எறியாத கத்திகள் ஒரு கட்டு. கொன்றது நோல் என்ற சாதாரண எதிரி.

"பிறகு தேவைப்படும் என்று வைத்திருந்தேன் சித்தி."

அம்மாவின் பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கும் பட்டுச்சேலைகள் நினைவுக்கு வந்தன. அவற்றுக்கும் ஒரு "பிறகு" உண்டு.

இந்த வகை விளையாட்டில் புதிதாக நுழைகிறவர்கள் பலவீனத்தால் சாவதில்லை. கையில் இருந்ததைப் பயன்படுத்தாமல் சாகிறார்கள். ஐந்து தளத்துக்குப் பிறகு வரப்போகும் பெரிய ஆபத்துக்காக வைத்திருக்கிறேன் என்பார்கள். அந்த ஐந்து தளத்தை யார் கடப்பது? எந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்று தெரியாத பயம் வேறு. அது நியாயமான பயம்தான், ஒன்றில் தீ, ஒன்றில் நச்சுப்புகை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளும் நேரமும் இடமும் உன் கையில் இருக்கின்றன. முதல் இரண்டு தளங்களில், உயிர் நிறைந்திருக்கும்போது, சுற்றிலும் எதிரி இல்லாதபோது, தண்ணீர் ஓரமாக நின்று குடி. தீப்பிடித்தால் தண்ணீருக்குள் கால் வை, அணைந்துவிடும். புகை வந்தால் கதவுக்கு அப்பால் போய்விடு, கதவு தானாக மூடிக்கொள்ளும், புகை உள்ளேயே நிற்கும். கழுத்துக்குக் கத்தி வந்தபின் ஏதோ ஒன்றைத் திறந்து குடிப்பவன்தான் தீக்குளிக்கிறான்.

இதையெல்லாம் சொன்னதும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினான். அழகான கையெழுத்தில் "சிவப்பு = குணமாகும்" என்று எழுதி, அடிக்கோடு வேறு. நிறம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நேற்று இரவு சிவப்பைக் குடித்து எரிந்திருக்கிறான். சிரித்தேன். விலாவுக்குக் கீழே வலித்தது.

மே 6, செவ்வாய்

கீழாநெல்லி, மோர், கீழாநெல்லி. நாட்டு மருந்து வேண்டாம், ஓய்வு போதும் என்றார் மருத்துவர். அவர் என்ன சமைக்கவா போகிறார் என்கிறாள் அம்மா.

மே 7, புதன்

பயலின் கட்டைவிரல்தான் அவனுடைய முதல் எதிரி. தட்டுகிறான், தட்டுகிறான், உயிர்ப்பட்டை காலியானது தெரியாமல் தட்டுகிறான். மற்ற விளையாட்டுகள் பழக்கிவிட்ட பழக்கம். இதில் நீ நகராதவரை எலியும் நகராது. அடுத்த அடிக்கு முன் நீ குளித்துவிட்டு வரலாம், சாப்பிட்டுவிட்டு வரலாம், உன் அம்மாவிடம் இரண்டு திட்டு வாங்கிக்கொண்டும் வரலாம், எலி அங்கேயே ஓங்கிய பல்லோடு நிற்கும்.

ஒரு விதி போட்டேன். பட்டை பாதிக்குக் கீழே இறங்கினால் கைப்பேசியைத் தரையில் வை. பையில் இருப்பதை வாய்விட்டுப் படி. பிறகு எடு.

மதியம் முழுவதும் வீட்டில் "சுருள் இரண்டு! கத்தி மூன்று! காய்ந்த ரொட்டி ஒன்று!" என்று ஏலம் போடும் சத்தம். அக்கா இருவரையும் சேர்த்துத் திட்டினாள். நோயாளி என்ற மரியாதைகூட இல்லை.

ஆனால் நான்காம் தளத்தைப் பார்த்துவிட்டான்.

மே 8, வியாழன்

திருக்கல்யாணம். அம்மாவும் அக்காவும் விடிவதற்கு முன்னே கிளம்பிவிட்டார்கள், புதுத் தாலிச்சரடு, மஞ்சள், பூ எல்லாம் கூடையில். நானும் பயலும் தொலைக்காட்சியில் பார்த்தோம். மீனாட்சிக்கு மாலை மாற்றும் நேரத்தில் அவன் பாம்பிடம் மாட்டிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான்.

அந்தப் பாம்புக்கு உயிர் நான்குதான். ஒரே அடியில் போகும், ஆனால் அடி படாது, நெளிந்துவிடும். அதோடு நேருக்கு நேர் நின்று மல்லுக்கட்டுகிறவன் முட்டாள். கதவுக்கு மறுபக்கம் போய், ஓரமாக நின்றுகொள். அது உன்னைப் பார்க்காமல் கதவைக் கடந்து வரும் நொடியில் அடி. பார்க்காத எதிரிக்கு விலகத் தெரியாது, அடி தவறவே தவறாது. அந்தப் பாம்பை முதல் தளத்தில் விட்டிருப்பதே இதைக் கற்றுக்கொடுக்கத்தான் என்பது என் எண்ணம். கதவு, மூலை, ஒடுங்கிய நடை. மூன்று பேர் வந்தாலும் ஒருவர்பின் ஒருவராகத்தான் வரவேண்டிய இடம். அறையின் நடுவே நின்று சண்டை போடுவது திரைப்படத்துக்குச் சரி.

அவர்கள் மொய் எழுதிவிட்டு, வியர்த்து, மகிழ்ந்து வந்தார்கள். எனக்கு ரசம் சோறு.

மே 9, வெள்ளி

தேர். மாசி வீதிப் பக்கம் போன பக்கத்து வீட்டுக்காரர் ஜிகர்தண்டா குடித்தேன் என்று என் சன்னலுக்கு வெளியே நின்று சொல்கிறார். இதைச் சொல்ல வேறு சன்னல் கிடைக்கவில்லையா?

பயல்மீதும் கோபம். மேம்படுத்தும் சுருள்கள் ஐந்து தளத்துக்கு மூன்றுதான் கிடைக்கும். அவன் வாளுக்கு ஒன்று, மோதிரத்துக்கு ஒன்று, கோலுக்கு ஒன்று என்று பந்தியில் பரிமாறுவதுபோல் பரிமாறியிருக்கிறான். எல்லாம் கொஞ்சம் நன்றாக இருக்கிறது, எதுவும் உதவவில்லை. ஒன்றில் போடு. எதில் என்று தெரியாவிட்டால் கவசத்தில் போடு. பழகியவர்கள் கோல் என்பார்கள், வில் என்பார்கள். அவர்கள் பழகியவர்கள்.

கூடவே, 16 வலிமை கேட்கும் செதிள் கவசத்தை 10 வலிமையோடு மாட்டிக்கொண்டு ஆமை மாதிரி நடந்திருக்கிறான். "பெரிய எண் இருந்தது சித்தி." பெரிய எண்ணுக்கு அடியில் இன்னொரு எண் இருக்கிறது, அதையும் படி.

மே 10, சனி

நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. வேலையில் சேர வேண்டிய நாள் ஜூன் 2, திங்கட்கிழமை. கோயம்புத்தூரில் விடுதிக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது.

மே 11, ஞாயிறு

எதிர்சேவை. அழகர் மூன்றுமாவடி தாண்டிவிட்டார் என்று மாலையிலிருந்தே தெருவில் செய்தி ஓடுகிறது. கொட்டுச் சத்தம், வேட்டுச் சத்தம், தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் கூச்சல். தல்லாகுளத்தில் இருந்துகொண்டு இந்த இரவில் தூங்குவது பாவம், நோயாளிக்கும்.

ஆகவே மடிக்கணினியைத் திறந்து நெட்ஹேக், இதே வகையில் பழைய விளையாட்டு. வால்கிரி. புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் பாத்திரம் அதுதான், அடியும் தாங்கும், குளிரும் தாங்கும். பயல் நிலைப்படியிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தான். படமே இல்லையே, வெறும் எழுத்தும் குறியுமாக இருக்கிறதே என்றான். நீல நிறத்தில் ஓர் எழுத்து அசையாமல் நின்றது. மிதக்கும் கண். அடியுங்கள் சித்தி, சும்மாதானே நிற்கிறது என்றான்.

அதுதான் பொறி. அது தானாக யாரையும் தாக்காது. நீ கைநீட்டி அடித்தால் நீ உறைந்துபோவாய், பிறகு வழியில் போகிற எறும்புகூட உன்னைத் தின்னலாம். சுற்றிக்கொண்டு போனேன். தூரத்திலிருந்து கத்தி எறியலாம், ஆனால் இன்று பொறுமை இல்லை.

இந்த விளையாட்டில் கடவுளை வேண்டலாம் என்றதும் அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தாள். உயிர் ஏழில் ஒரு பங்குக்குக் கீழே போனாலோ, ஆறுக்குக் கீழே இறங்கினாலோ, பசியில் துவண்டாலோ வேண்டினால் சாமி காப்பாற்றும். ஆனால் தொடங்கி முதல் 300 நகர்வு வரை வேண்டாமல் இருப்பது நல்லது. ஒரு முறை வேண்டினால் அடுத்த 1000 நகர்வாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கேட்டால் சாமிக்குக் கோபம் வந்துவிடும்.

"அது என்ன சாமி?" என்றாள் அம்மா. அவள் எனக்காக அழகரிடம் காலையும் மாலையும் வேண்டுகிறாள்.

மே 12, திங்கள்

ஆற்றில் இறங்கிவிட்டார். நான் தொலைக்காட்சியில். அக்கா சர்க்கரைச் சொம்போடு போய், கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்து வந்தாள். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

மே 13, செவ்வாய்

4.9! இறங்குகிறது.

மே 14, புதன்

இவ்வளவு கொடூரமாக யார் செய்தார்கள் என்று கேட்டான். இந்த வகைக்கெல்லாம் மூலமான ரோக் என்ற விளையாட்டைச் சொன்னேன். 1980. மைக்கேல் டாய், கிளென் விக்மன், பிறகு கென் ஆர்னால்ட். பல்கலைக்கழகக் கணினியில் எழுதினார்கள். எழுதியவர்களுக்கே ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும் என்று நிலவறையைக் கணினியே வரையும்படி விட்டார்கள். தேடி எடுக்க வேண்டிய யென்டோரின் தாயத்து 26ஆம் தளத்தில். உன் கைப்பேசி விளையாட்டிலும் அதே தாயத்து, அதே 26.

சேமித்துவிட்டுச் செத்தபின் திரும்ப அங்கிருந்தே தொடங்கினால் என்ன என்றான். சேமித்த கோப்பைத் திறந்தவுடன் ரோக் அதை அழித்துவிடும் என்றேன். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

செத்தால் எல்லாம் போய்விடுகிறது என்று அழுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. வீரன் போனான். பாம்பைக் கதவில் அடிக்கத் தெரிந்தது யாருக்கு?

இரவு பூப்பல்லக்கு. பயலை அழைத்துப் போனார்கள். வீடு வெறிச்சென்று இருந்தது, வால்கிரியை எடுத்தேன், சுரங்கத்தில் குள்ளர்கள். சேமித்து மூடினேன்.

மே 16, வெள்ளி

நேற்று விருதுநகருக்குக் கிளம்பிவிட்டார்கள். பஸ்ஸிலிருந்தே அழைத்தான். ஐந்தாம் தளம், கூ என்ற பெரிய எதிரி நிற்கிறது, என்ன செய்வது.

கறுப்புக் கூழ். உயிர் 100. தண்ணீரில் நின்றால் காயம் ஆறிவிடும், ஆகவே தண்ணீரை விட்டு வெளியே இழுத்து வந்து அடி. அது உப்பத் தொடங்கினால் ஒரு அடிகூட ஆசைப்படாதே. அடுத்து வருவது மூன்று மடங்கு அடி, இரண்டு கட்டம் தள்ளியும் எட்டும். தூணுக்குப் பின்னால் போ, அதன் பார்வையிலிருந்து மறை, பிறகு வா. நச்சுப்புகைக் குப்பி வைத்திருக்கிறாயே, அதைக் குடிக்கவா வைத்திருக்கிறாய்? எறி.

திருமங்கலம் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது.

மே 17, சனி

நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. மருத்துவச் சான்றிதழ் இருந்தால் ஜூன் 9 வரை பொறுப்பார்களாம். சான்றிதழுக்கு யாரிடம் போவது, எப்போது போவது, நடந்தால் மூச்சு வாங்குகிறதே, ஆட்டோவில் போனால் குலுக்கல் தாங்குமா, விடுதி முன்பணத்தில் ஒரு வாரம் வீண், அந்த அம்மாளிடம் யார் பேசுவது. நாளை யோசிக்கிறேன்.

மே 18, ஞாயிறு

அம்மா இன்று எண்ணெய் விட்டுத் தாளித்த சட்னி கொடுத்தாள். தட்டை நக்காத குறை.

மே 20, செவ்வாய்

2.3. நாளை மறுநாள் சான்றிதழுக்குப் போகிறேன், அக்கா ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டாளாம், விருதுநகரிலிருந்தே அதிகாரம்.

பயல் பேசினான். கூ செத்துவிட்டது. குரலில் அப்படி ஒரு மிடுக்கு. ஆறாம் தளத்துக்கு இறங்கி, கடைக்காரனையும் பார்த்துவிட்டானாம். குணமாக்கும் மருந்து கடையில் கட்டாயம் இருக்கும், முதலில் அதை வாங்கு என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். பொன் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றான். அப்படியானால் என்ன வாங்கினாய் என்றேன். அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டான். அக்கா அப்போது என்னோடு இன்னொரு எண்ணில் பேசக் காத்திருந்தாள்.