அமுச்சி கேட்ட சேனை

"ஏங்கண்ணு, நாக்குல ஒரு சொட்டு சக்கரைத்தண்ணி வெச்சா என்னாயிருமாம்?"

பெருந்துறைப் பக்கத்து அமுச்சி. பிறந்த பேரன் நாக்கில் இனிப்புத் தொட்டு வைக்கும் சேனைக்குக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். பேரன் 29 வாரத்தில் பிறந்தவன், 1,100 கிராம். பிறந்ததும் மூச்சுத் திணறி வென்டிலேட்டரில் கிடந்தான்.

பச்சிளங்குழந்தை ஐசியூ நர்ஸான எனக்கு இது பழகின கேள்வி. தன் தோட்டம் கீழ்பவானி வாய்க்காலின் கடைமடையில், தண்ணீர் கடைசியாக வரும் இடத்தில் என்று அமுச்சி சொல்லியிருந்தார். அதனால் வாய்க்காலை வைத்தே சொன்னேன். "ஆக்சிஜன் கொறஞ்சா ஒடம்பு மூளைக்கும் இருதயத்துக்குந்தான் மொதல்ல ரத்தம் விடுமுங்க. கொடலு கடைமடைங்க அமுச்சி." அப்படிக் காய்ந்த குடலில், அதுவும் முதிராத குடலில், அந்தச் சொட்டோடு கிருமி புகுந்தால் குடல் சுவரே அழுகிப்போகலாம்.

"அப்பப் பட்டினியா போடறீங்க?"

இது இன்னும் நல்ல கேள்வி. ரொம்பநாள் பட்டினியும் குடலுக்கு ஆகாது. கொஞ்சம் தேறியதும் தாய்ப்பால் மட்டும், 2 மணிக்கொருதரம் 1 மில்லி, குழாய் வழியாக. நாளைக்கு மொத்தமே 12 மில்லி! வயிறு உப்புகிறதா, குழாயில் பச்சையாகப் பித்தம் வருகிறதா, மலத்தில் ரத்தமா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்போம். எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள் காற்றுக் குமிழ் தெரிந்தால் என் வயிறு கலங்கும்.

நாலாம் நாள் ராத்திரி டேப் வைத்து வயிற்றை அளந்தேன். வயிறு 2 சென்டிமீட்டர் கூட. பாலை நிறுத்தினோம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. விடியக்காலை நாப்கின் நிறையப் போனான், வயிறு அமுங்கியது.

அமுச்சி கண்ணாடிக்கு வெளியே நின்றார். "கடைமடைக்குத் தண்ணி வந்துருச்சா கண்ணு?"