மகனுக்கு ஒரு ஃப்ளூ ஊசி போட மூன்று வாரம் அலைந்தோம்

2019 அக்டோபர். நான் ஐந்து மாதக் கர்ப்பம், மகனுக்கு இரண்டரை வயது. ஊரிலிருந்து கலிபோர்னியா வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. என் ஃப்ளூ ஊசி மகப்பேறு மருத்துவரிடம் பத்து நிமிடத்தில் முடிந்தது. மகனுக்கோ மூன்று வாரம், மூன்று இடம். இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

முதலில் நாங்கள் வழக்கமாகப் போகும் குழந்தைகள் கிளினிக். முன்கூட்டியே போன் செய்து, ஃப்ளூ ஊசி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, வாருங்கள் என்றார்கள். கணவர் அரை நாள் லீவு போட்டார். எடை பார்த்து, படிவத்தில் கையெழுத்து வாங்கி, மகனை நான் மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் நர்ஸ் அவன் பிறந்த தேதியைக் கவனித்தார். "மூன்று வயது ஆகவில்லையே. எங்களிடம் பல டோஸ் எடுக்கும் குப்பிதான் மிச்சம் இருக்கிறது. அதை இவனுக்குப் போட முடியாது."

வேறு மருந்து எப்போது வரும் என்று முன்மேசைப் பெண்ணிடம் கேட்டேன். தெரியாது, அவ்வப்போது கூப்பிட்டுப் பாருங்கள் என்றார். போனில் குழந்தைக்கு என்று சொன்னேனே என்றதற்கு, "ஊசி இருக்கிறதா என்றுதானே கேட்டீர்கள்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஒரே குப்பியில் பத்து முறை ஊசி குத்தி மருந்து எடுத்தால் கிருமி உள்ளே போகலாம். 1928இல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில் அப்படிக் கெட்டுப்போன டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) தடுப்பு மருந்தால் 12 குழந்தைகள் இறந்தார்கள். அதைத் தடுக்கத்தான் குப்பியில் தைமரோசால் என்ற பாதுகாப்புப் பொருள் சேர்க்கிறார்கள். அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். அரை மில்லி டோஸுக்கு 25 மைக்ரோகிராம் வரும். கலிபோர்னியாவில் 2004இல் இயற்றி 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கர்ப்பிணிகளுக்கும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் போடும் ஃப்ளூ மருந்தில் அரை மில்லிக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. எனக்கும் அதே சட்டம்தான். என் டாக்டரிடம் தைமரோசால் இல்லாத ஒற்றை டோஸ் சிரிஞ்ச் இருந்ததால் எனக்கு அது தெரியவே இல்லை.

"நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், பரவாயில்லை, போடுங்கள்" என்று நர்ஸிடம் கேட்டுப் பார்த்தேன். பெற்றோர் சம்மதித்தாலும் முடியாதாம். தட்டுப்பாடு, அவசரநிலை என்றால் மாநில சுகாதாரச் செயலர்தான் விலக்குத் தர முடியும். 2009 பன்றிக் காய்ச்சல் சமயத்தில் அப்படித் தந்தார்கள்.

அன்று இரவு போனில் அத்தை பதறினார்: "பாதரசமாம்மா? ஊசியே வேண்டாம்." அவரிடம் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மீனில் சேர்வது மெத்தில் பாதரசம், அது உடம்பில் நெடுநாள் தங்கும். தைமரோசாலில் இருப்பது எத்தில் பாதரசம், அதைவிட மிக வேகமாக வெளியேறிவிடும். ஆட்டிசத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று 2004இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் குழு ஆய்வுகளையெல்லாம் பார்த்துச் சொல்லிவிட்டது. சட்டம் அனுமதித்திருந்தால் அந்தக் குப்பி மருந்தையே அன்று நிம்மதியாகப் போட்டிருப்பேன். எனக்குப் பயம் ஊசி தள்ளிப்போவதில்தான். மகனுக்குச் சளி பிடித்தாலே வீசிங் வரும்.

அடுத்து பார்மசி. வரிசையில் நாற்பது நிமிடம் நின்றோம். அங்கே ஒற்றை டோஸ் சிரிஞ்ச் அடுக்கி வைத்திருந்தார்கள்! ஆனால் இந்த மாநிலத்தில் மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மருந்தாளுநர் தாமாக ஊசி போட முடியாது. சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் பார்மசிக்குப் போய் வீணாக நிற்காதீர்கள்.

மூன்றாவது, வேறொரு குழந்தைகள் கிளினிக். மூக்கு ஸ்பிரேயில் தைமரோசால் கிடையாது, இரண்டு வயதிலிருந்து தரலாம். ஆனால் இந்த வயதில் வீசிங் இருந்த குழந்தைக்குக் கூடாது என்றார்கள். ஒற்றை டோஸ் சிரிஞ்ச் இருக்கிறதா என்றேன். இருந்தது. நர்ஸ் ஃப்ரிட்ஜைத் திறந்தே காட்டினார். ஆனால் அது அரசுத் திட்டத்துக்கு வந்த இருப்பு: இன்சூரன்ஸ் இல்லாத, அல்லது மெடி-கால் என்ற மாநில அரசு இன்சூரன்ஸ் உள்ள குழந்தைகளுக்கானது. எங்களுக்குத் தனியார் இன்சூரன்ஸ் என்பதால் தொடக்கூடாது. அது நியாயம்தான், அந்தக் குழந்தைகளுக்கு உரியதை நான் கேட்க மாட்டேன். இருந்தாலும் கண்ணெதிரே மருந்து இருக்கும்போது மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது தாங்க முடியாமல்தான் இருந்தது.

ஆனால் அந்த நர்ஸ்தான் எங்களைக் கரைசேர்த்தார். அவர்களுடைய தனியார் இருப்பு வந்ததும் கூப்பிடுவதாகப் பெயரை எழுதிக்கொண்டார். இனி எங்கே போன் செய்தாலும் இப்படிக் கேளுங்கள் என்று ஒரு வாக்கியமும் சொல்லிக்கொடுத்தார்: "மூன்று வயதுக்கு உட்பட்ட, தனியார் இன்சூரன்ஸ் உள்ள குழந்தைக்கு, பாதுகாப்புப் பொருள் இல்லாத ஒற்றை டோஸ் ஃப்ளூ ஊசி இன்று கையில் இருக்கிறதா?" இதில் ஒரு சொல்லை விட்டாலும் "இருக்கிறது, வாருங்கள்" என்றுதான் பதில் வரும்.

பத்து நாளில் கூப்பிட்டார்கள், போட்டாயிற்று. கிளம்பும்போதே இரண்டாவது டோஸைப் பற்றிப் பேசிவிட்டேன். முதன்முறை ஃப்ளூ ஊசி போடும் சின்னக் குழந்தைக்கு நான்கு வாரம் கழித்து இன்னொன்று வேண்டும். பல பேர் இங்கேதான் மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள், அதற்குள் இருப்பு தீர்ந்துவிடும். நர்ஸ் ஒரு சிரிஞ்சை மகன் பெயர் எழுதி ஒதுக்கி வைத்தார். மஞ்சள் நிறத் தடுப்பூசி அட்டையிலும் தேதி, மருந்தின் பெயர், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டேன்.

மகள் பிறந்து ஆறு மாதம் தாண்டியதும் 2020 செப்டம்பரில் அதே கிளினிக்குக்குப் போன் செய்தேன். அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். இரண்டு டோஸுக்கும் அன்றே தேதி கொடுத்துவிட்டார்கள்.