சாட்சி சொன்ன சொல்

சட்டப் படிப்பின் கடைசித் தேர்வை எழுதிய கையோடு, 2022 செப்டம்பரில் ஜெனீவாவுக்குப் போனேன். பத்து வாரப் பயிற்சி. ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஒவ்வொரு நாட்டையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு செய்யும். அதற்கு அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன அமைப்பில்தான் பயிற்சி. ஓர் அமைப்பு தனியாக அனுப்பும் அறிக்கை 2,815 சொற்களைத் தாண்டக் கூடாது. வேறொரு கண்டத்துப் பழங்குடிகளின் நிலத்தைப் பற்றிய நாற்பது பக்கத்தை அந்த அளவுக்குள் அடக்குவதுதான் என் வேலை.

"மக்கள் வெளியேற்றப்பட்டனர்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். என்னைக் கவனித்துக்கொண்ட வழக்கறிஞர் அம்மா அதில் விரலை வைத்தார். மூல வாக்குமூலத்தை எடுத்துப் படிக்கச் சொன்னார். "ராத்திரி வண்டி வரும் சத்தம் கேட்டது. பயந்து நாங்களே கிளம்பிவிட்டோம்" என்று இருந்தது. இரண்டும் ஒன்றில்லை. என் சொல்லை அரசுத் தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும். அந்தப் பெண் சொன்னதை உடைக்க முடியாது. அன்று இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து எல்லா வரிகளையும் மூலத்தோடு வைத்துப் பார்த்தேன்.

நவம்பரில் பேரவையின் ஆய்வில் இந்தியாவின் முறை வந்தது. மூன்றரை மணி நேரத்தில் 130 நாடுகள் பேசின. ஒரு நாட்டுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம். ஒரு சொல்லுக்காக அந்த வழக்கறிஞர் அம்மா ஏன் அவ்வளவு மல்லுக்கட்டினார் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது புரிந்தது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐ.நா. தலைமைச் செயலகப் பயிற்சிக்கு உதவித்தொகை கிடையாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொடுக்கிறது. நான் போன இடத்தில் மதியச் சாப்பாடு மட்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குச் சலங்கை கோக்கும் என் அம்மா எடுத்த சீட்டுப் பணத்தில்தான் போனேன். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே கற்றுக்கொள்ளும் பொதுநலச் சட்டம் யாருடைய நலனுக்கு என்ற கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

இப்போது சேலத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஏற்காடு மலையில், காட்டு நிலத்தில் வாழ்பவர்கள் அந்த நிலத்துக்கு உரிமை கேட்கும் வன உரிமை மனு எழுதுவேன். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008 இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது 2016 வரை நின்றுபோயிருந்தது. மனுதாரர் 2005 டிசம்பர் 13க்கு முன்பே அந்த நிலத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் சான்றாகும். கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம் போன்ற பழைய அடையாளங்களும் சான்றாகும்.

போன தை மாதம் நாகலூர் பக்கம் ஒரு வீடு. வாசலில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தாதான் சாட்சி. வருடம் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சரி, வேறு ஏதாவது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"சுனாமி வந்துச்சுல்ல கண்ணு, அந்த மார்கழி. ரேடியோவுல சொன்னப்ப இவங்க தண்ணி மொண்டுக்கிட்டு இருந்தாங்க. நான்தான் ஓடிப்போயி சொன்னேன்."

அது 2004. எழுதி முடித்து, வழக்கம்போல் உரக்கப் படித்துக் காட்டினேன். "மனுதாரரின் கிணற்றில்" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கிணறு ஏது கண்ணு? அது ஊத்து. யாரும் வெட்டல. அதுக்கு மேலதான் இவங்க அப்பாரைப் புதைச்சிருக்கு."

விதியில் கிணறு என்று இருப்பதால் என் கை தானாக அப்படி எழுதிவிட்டது. அடித்துவிட்டு ஊற்று என்று எழுதினேன். அடுத்த வரியில் அந்தப் புதைகுழியைச் சேர்த்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். தாத்தா கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் வேட்டியில் கட்டை விரலைத் துடைத்துக்கொண்டு மைப்பெட்டியைக் கேட்டார்.