மணி எண்ணிய நாட்கள்

ஏப்ரல் 15
மழை. என் கணவருக்கு விடியும்வரை இருமல்.

ஏப்ரல் 16
நேற்றிரவு தேவாலய மணி. முதலில் 6, சற்று இடைவெளி, பிறகு வரிசையாக 43. காலையில் கடையில் விசாரித்தேன். யாரும் இறக்கவில்லையாம். "பழகிப் பார்க்கிறார்கள்" என்று சொல்லிச் சில்லறையைத் தந்தாள் கடைக்காரி. அவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்த ஊரில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 17
எதிர்வீட்டு மூதாட்டி கணக்கைச் சொன்னார். ஆணுக்கு 9, பெண்ணுக்கு 6, குழந்தைக்கு 3. அதன்பின் வயதுக்கு ஒன்றாக அடிப்பார்கள். யார்க்ஷயரில் மட்டுமல்ல, இங்கிலாந்தின் பல கிராமங்களில் இருந்த பழக்கம். கேட்டதும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அவருக்கு வயது 51. அந்த மணி அவருக்கு இல்லை. மாடிக்கு ஓடி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு குறைந்திருந்தது. நான் இப்படி நிம்மதியாக மூச்சுவிட்டு இரண்டு வாரம் ஆகிறது.

ஏப்ரல் 19
அரைக் கிண்ணம் சூப் குடித்தார்!

ஏப்ரல் 20
வீட்டோடு எங்களுக்கு வந்த மூன்று தேனீப் பெட்டிகளிலும் கறுப்புத் துணி. மூதாட்டி குனிந்து, ஒவ்வொன்றையும் சாவியால் தட்டி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் சாவு விழுந்தால் தேனீக்களிடம் சொல்ல வேண்டுமாம், சொல்லாவிட்டால் கூட்டைவிட்டுப் போய்விடுமாம். 2022இல் ராணி எலிசபெத் இறந்தபோது அரண்மனைத் தேனீக்களுக்கும் சொன்னார்கள் என்றார்.
"இங்கே யாரும் சாகவில்லையே" என்றேன்.
"முன்கூட்டியே சொல்வதுதான் மரியாதை."
அவர் கையில் இருந்தது எங்கள் வீட்டுச் சாவி.

ஏப்ரல் 22
மறுபடியும். 6. 43. துணிகளை அவிழ்த்து அடுப்பில் போட்டேன்.

ஏப்ரல் 23
என் பிறந்தநாள். யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் ஒரு கேக், அதன்மேல் 43 மெழுகுவர்த்திகள். எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன்.
அவர் இன்று தானாகவே படியிறங்கி வந்தார்.

ஏப்ரல் 24
புனித மாற்கு திருநாளுக்கு முந்தைய இரவு. 11 மணியிலிருந்து 1 மணிவரை தேவாலய முகப்பில் காத்திருந்தால், இந்த ஆண்டு இறக்கப்போகிறவர்களின் உருவங்கள் உள்ளே போவதைப் பார்க்கலாம் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. மாலையிலேயே நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், குழந்தைகளும்கூட. நான் கதவைத் தாழிட்டுவிட்டு அவர் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறேன். இருமல் இல்லை. அயர்ந்து தூங்குகிறார்.

12.20. தண்ணீர் எடுக்கக் கீழே போனேன். தாழ் போட்டது போட்டபடி இருக்கிறது. கதவருகே என் ஷூ. நனைந்து, அடியில் புல் ஒட்டியிருக்கிறது. இன்று நான் வெளியே போகவே இல்லை