ஏட்டில் 38 சதவீதம்

திருநெல்வேலியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. எங்கள் மூத்த எழுத்தரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். அவருடைய மடிக்கணினிக்கு எட்டு வயது. நூற்பாலை ஒன்றில் சரக்கிருப்பைச் சரிபார்த்துப் பதிந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போனது. பேட்டரியில் 38 சதவீதம் இருக்கிறதே என்ற தைரியத்தில் அவர் வேலையைத் தொடர்ந்திருக்கிறார். ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் கணினி அணைந்துவிட்டது. சேமிக்காத இரண்டு பக்கங்களும் போயின.

பேட்டரியை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினேன், கணினி தொடங்கும்போது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தேன், “சரியாகிவிட்டது அண்ணாச்சி” என்று கொடுத்தனுப்பினேன். மறுவாரம் 41-இல் அணைந்தது. பார்க்காமலே மருந்து எழுதிய வைத்தியன் மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகுதான் விண்டோஸில் பேட்டரி அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த கொள்ளளவு 48,840 மில்லிவாட்-மணி. இப்போதைய முழுக் கொள்ளளவு 43,900. எட்டு வருடம் உழைத்த பேட்டரி பத்தில் ஒரு பங்குதான் தேய்ந்திருக்கிறது என்றால் யார் நம்புவது?

லித்தியம் அயனி மின்கலம் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட், தீரும்போது ஏறக்குறைய 3 வோல்ட். இடைப்பட்ட நெடும்பகுதியில் வோல்ட் அதிகம் அசைவதில்லை. அதை மட்டும் வைத்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. அதனால் பேட்டரிக்குள் இருக்கும் சிறு சில்லு வரவையும் செலவையும் எழுதி வைக்கிறது: உள்ளே போன மின்னோட்டம் இவ்வளவு, வெளியே வந்தது இவ்வளவு. சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். முழுதாக நிறைந்து, முழுதாகத் தீரும்போதுதான் அது கணக்கை நேர்செய்துகொள்ளும். அண்ணாச்சியின் கணினியோ வருடக்கணக்கில் மேசையில் சார்ஜரோடு கட்டிப்போட்ட மாடு. சில்லு பழைய ஏட்டையே படித்துக்கொண்டிருந்தது. 43,900-இல் 38 சதவீதத்தைக் கழித்தால் 27,200 வருகிறது. அணைவதற்கு முன் உண்மையில் செலவானது அவ்வளவுதான்.

பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் அடிப்பக்கத்தையும் டச்பேடையும் தடவிப் பார்த்தேன். உப்பியிருந்தால் இந்த வேலையில் இறங்கவே கூடாது. நூறு வரை ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, பயாஸ் திரையிலேயே விட்டுவிட்டேன். விண்டோஸ் என்றால் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே தூங்கப் போய்விடும். ஒன்றேகால் மணி நேரத்தில் தானாக அணைந்தது. சூடு ஆறியதும் இடைநிறுத்தாமல் நூறு வரை ஏற்றினேன். புதிய அறிக்கையில் முழுக் கொள்ளளவு 26,400.

எனக்குப் பெருமை. அண்ணாச்சி முகத்தில் கடுகு வெடித்தது.

“தம்பி, முன்பெல்லாம் மெதுவாக இறங்கும். இப்போது விறுவிறுவென்று சரிகிறது. இருந்த பேட்டரியையும் கெடுத்துவிட்டாய்.”

மின்கலங்கள், உள்தடை என்று எதையெதையோ விளக்கினேன். எதுவும் எடுபடவில்லை. கடைசியில், “அண்ணாச்சி, இதுவரை நீங்கள் பார்த்தது ஏட்டிருப்பு. நான் கிடங்குக்குள் போய் எண்ணிக் கையிருப்பை எழுதியிருக்கிறேன்” என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்படியானால் குறைந்ததை எந்தத் தலைப்பில் எழுதினாய்?”

“தேய்மானம்.”

“கணினிக்கு வருடம் நாற்பது சதவீதம். எட்டு வருடத்தில் இதற்கு ஏட்டில் மதிப்பே இராதே” என்று சிரித்துவிட்டார்.

புதிய பேட்டரி வாங்க ஒப்புதல் இன்னும் வரவில்லை. இப்போது வெளியூர் போகும்போது சார்ஜரை மறக்காமல் எடுத்துக்கொள்கிறார்; 25 சதவீதத்திலேயே எச்சரிக்கை வரும்படி நானும் மாற்றி வைத்திருக்கிறேன். கணினியின் அடியில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறது. அதில் அவர் கையெழுத்தில் தேதி, 26,400 என்ற எண், ‘நேரில் சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு வரி. அதன் கீழே என்னிடம் சுருக்கொப்பமும் வாங்கிக்கொண்டார்.