ஐஜிஇ (ரத்தத்தில் அலர்ஜியைக் காட்டும் அளவு) ஏன் நார்மலுக்கு வரவில்லை என்று கலங்குபவர்களுக்கு

ஆஸ்துமாவோடு பழுப்பு நிறத்தில் சளி கட்டி கட்டியாக வந்தால் ஏபிபிஏ (ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு நுரையீரலில் வரும் அலர்ஜி நோய்) உண்டா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எனக்கு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும், சளியில் கிருமியே இல்லாதபோதும், காசநோய் மாத்திரை எழுதிவிட்டார்கள். நம் நாட்டில் இந்த நோய் வந்த பலருக்கும் இதே கதைதான்.

பிறகு பார்த்த நுரையீரல் டாக்டர் மொத்த ஐஜிஇ, ஆஸ்பர்ஜில்லஸுக்கு மட்டுமான ஐஜிஇ, சிடி ஸ்கேன் மூன்றையும் எடுக்கச் சொன்னார். மூச்சுக்குழாய்கள் விரிந்து உள்ளே சளி அடைத்திருந்தது. "பேரனுக்கு ஒட்டிக்குமா டாக்டர்?" என்றார் அம்மா. "ஒட்டாதும்மா. காத்துல எங்கயும் இருக்கிற பூஞ்சைதான், இவர் உடம்புக்கு அது ஒத்துக்கல."

எடைக்கேற்ப ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஆரம்பித்து, நாலு மாதத்தில் படிப்படியாகக் குறைத்தார்கள். மூச்சு சீக்கிரமே லேசானது. ஆனால் அகோரப் பசி, முகம் உப்பல், ஏறிய சர்க்கரை எல்லாம் கூடவே வந்தன. ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்டீராய்டைக் குறைக்கும்போது இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைச் சேர்த்தார்கள். இந்த கேப்ஸ்யூலைச் சாப்பிட்டவுடன் போட வேண்டும். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது உடம்பில் சேரும். ஸ்டீராய்டோடு வழக்கமாகத் தரும் கேஸ் மாத்திரையோ அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது! டாக்டரிடம் கேட்டு அதை மாற்றிக்கொண்டேன். இன்ஹேலரில் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு இருந்தால் அதையும் சொல்லுங்கள். இட்ராகோனசோலோடு சேர்ந்தால் அந்த ஸ்டீராய்டு உடம்பில் கூடிவிடும். இடையிடையே ஈரல் பரிசோதனையும் உண்டு.

இனி ஐஜிஇ. முதலில் எனக்கு 4,200. எட்டு வாரம் கழித்து 2,600. லேப் தாளில் அப்போதும் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்றுதான் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் பயம். டாக்டருக்கோ சந்தோஷம். இந்த நோயில் லேப் போடும் நார்மலை எட்டுவது குறிக்கோளே இல்லை. தொடக்க அளவிலிருந்து நன்றாக இறங்கினால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். எனக்கு 1,400 பக்கம் வந்து நின்றுவிட்டது. இனி அதுதான் என் நார்மல். இருமலும் இளைப்பும் கூடி, இந்த எண்ணும் பாதிக்குமேல் ஏறினால், அதாவது 2,100ஐத் தாண்டினால், நோய் திரும்புகிறது என்று பார்ப்பார்கள்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பழைய எண்களைத் தேதியோடு எழுதிய தாளைக் கொண்டு போகிறேன். அது இல்லாமல் புது டாக்டர் 1,400ஐப் பார்த்தால் மறுபடி ஸ்டீராய்டு தொடங்கிவிடலாம். பூஞ்சை கிளம்பும் என்பதால், மட்கிய குப்பை கிளறுவதும் பூசணம் பிடித்த வைக்கோல் பிரிப்பதும் இப்போது தம்பியின் பொறுப்பு.